ராத்திரி சோறு விஷமா?



போன மாதம் நம் பள்ளிக்குச் சுகாதாரம் பற்றிப் பேச வந்தவர், "ராத்திரி மீந்ததைக் காலையில் சாப்பிடாதீர்கள், அது விஷம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போயிட்டார், ஆனால் அந்த வரி போகவில்லை. எங்க வகுப்பில் தினமும் பழைய சோறு சாப்பிட்டு வரும் ஒருத்தனுக்கு "விஷம்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவன் அம்மா விடியற்காலையிலேயே நாற்று நட வயலுக்குப் போகிறவங்க. காலையில் உலை வைக்க அவங்களுக்கு ஏது நேரம்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வரியில் பாதி உண்மை இருக்கு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. மண்ணில் இருப்பது, அரிசியோடு நம் வீட்டுக்கு வந்துவிடும். சோறு கொதிக்கும்போது மற்றதெல்லாம் செத்தாலும் இதன் வித்துகள் சாகாது. சோறு வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும், ஒரு நச்சையும் உண்டாக்கும். அந்தச் சோற்றைச் சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே வாந்தி. "அதான் சுட வைக்கிறோமே" என்று எல்லா வீட்டிலும் சொல்வாங்க. சுட வைத்தால் பாக்டீரியா சாகலாம், நச்சு அப்படியேதான் இருக்கும். 2008-இல் பெல்ஜியம் நாட்டில் 20 வயது மாணவர் ஒருவர், 5 நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சுட வைத்துச் சாப்பிட்டு இறந்தே போனார். 5 நாள் என்பது ரொம்ப அதிகம்தான். ஆனால் சுட வைத்தது அவரைக் காப்பாற்றவில்லை, பாருங்க.

அப்போ பழைய சோறும் விஷம்தானே என்றால், இல்லை. மீந்த சோற்றை மூடி வைப்பது வேறு, தண்ணி ஊற்றி வைப்பது வேறு. ஆறின சோற்றில் தண்ணி ஊற்றி வைத்தால், தயிரைப் புளிக்க வைக்கும் அதே வகைப் பாக்டீரியாக்கள் அதில் வளர்ந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். நீராகாரம் புளிப்பது அதனால்தான். அந்தப் புளிப்பில் பாஸில்லஸ் சீரியஸ் வளர முடியாமல் திணறும். இட்லி மாவும் ராத்திரி முழுக்க வெளியில் இருப்பதுதானே? ஆடி மாதம் நம்ம மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழும் முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தது. அதை வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பவர்கள் பழைய சோற்றைப் பார்த்து மூக்கைப் பிடிப்பது எனக்குப் புரியவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய, 2021-இல் தமிழக அரசே பணம் ஒதுக்கியது.

ஆனால் சும்மா தண்ணி ஊற்றினால் போதாது. எங்க ஆயா சட்டியைத் தேய்த்து வெயிலில் காய வைத்துத்தான் எடுப்பாங்க. காய்ச்சி ஆறின தண்ணிதான் ஊற்றுவாங்க. சோறு ஆறினதும் ஊற்றிவிடணும், 'சீரியல் முடியட்டும்' என்று 11 மணி வரைக்கும் போட்டு வைக்கக் கூடாது என்பாங்க. சீக்கிரம் புளிக்க ஒரு கரண்டி மோர் விடுவாங்க. காலையில் நூல் மாதிரி இழுத்தாலோ, புளிப்பு வாசனைக்குப் பதில் வேறு நாற்றம் அடித்தாலோ மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். தண்ணி ஊற்றாத சோறு, பருப்புக் கடைசல், தேங்காய்ச் சட்னி, கல்யாண வீட்டில் கட்டிக் கொடுத்த பிரியாணி, இதெல்லாம் ராத்திரி வெளியில் இருந்தால் நான் தொட மாட்டேன். ஃப்ரிட்ஜ் இருந்தால் வைக்கலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியதே, அப்போது கரண்ட் இல்லாத ஊர்களில் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரிதான்.

இப்போது என் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ராத்திரி என்பதில் அப்படி என்ன இருக்கு? பாக்டீரியாவுக்கு ராத்திரி பகல் தெரியுமா? சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் உணவில்தான் கிருமி பெருகும். திண்டிவனத்திலிருந்து ரயிலில் வரும் நம் நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவங்க வீட்டில் 5 மணிக்கு வடித்த சோறு சூடாகவே டிபன் பாக்ஸில் அடைபட்டு, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் தாண்டி விழுப்புரம் வந்து, 12.40 மணி அடிக்கும்போதுதான் திறக்கப்படுகிறது. ஏழரை மணி நேரம்! ராத்திரி 9 மணிக்கு வைத்த சோற்றைக் காலை 6 மணிக்கு எடுத்தால் 9 மணி நேரம். ஒன்றரை மணிதான் வித்தியாசம். ராத்திரியைவிடப் பகலில் சூடு வேறு அதிகம். இதற்கு "ஃப்ரெஷ்" என்று பேர், அதற்கு விஷம் என்று பேர்!

2 மணி நேரக் கணக்கைப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் மதியம் பட்டினிதான் கிடக்கணும். அது நடக்காது. ஆனால் வீட்டில் கேட்டுச் சில மாற்றம் செய்யலாம். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறின பிறகு கட்டச் சொல்லலாம், சூட்டோடு மூடினால் நடுச்சோறு வெகு நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். தூரத்திலிருந்து வருபவர்கள் புளிசோறு, தயிர் சாதம் கொண்டு வருவது நல்லது. அந்தக் காலத்தில் யாத்திரை போனவங்க புளியோதரை கட்டிக்கொண்டு போனது ருசிக்காக மட்டும் இல்லை. முட்டையும் தேங்காய்த் துவையலும் பக்கத்துத் தெருவிலிருந்து வருபவர்கள் கொண்டு வரட்டும்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். நம் சாப்பாட்டுப் பைகள் கிழக்குப் பக்க வராண்டாவில் வரிசையாக இருக்கின்றன. 8.30 முதல் 11 வரை நேர் வெயில் அங்கேதான் விழுகிறது. டிபன் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கும் இடத்தில் எப்போதும் நிழல்தான். அந்தப் பெஞ்சுகளை அப்புறப்படுத்தி, பைகளை அங்கே வைக்க அனுமதி தர வேண்டுகிறேன். இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய எங்க வகுப்பில் 6 பேர் தயாராக இருக்கோம். பழைய சோற்று நண்பனும் அதில் ஒருத்தன்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு