சின்க் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி

போன செமஸ்டர், ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்டுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் மூணாவது மாடி முழுக்க நெட் போச்சே, ஞாபகம் இருக்கா? ஸ்விட்ச் பழசுன்னு சிலர் சொன்னாங்க. லேப் அண்ணா சரியா பார்க்கலைன்னு சிலர். ரெண்டுமே தப்பு. ஸ்விட்ச் புதுசு. மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்ல சின்க் பட்டனை அழுத்தினது நான்.

நடந்தது இதுதான். இடி விழுந்து பழைய ஸ்விட்ச் எரிந்துபோனதும், அண்ணா ஸ்பேர் ஒன்றை மாட்டி, பேக்கப்பில் இருந்த கான்ஃபிக்கைக் கன்சோல் வழியாக ஏற்றினார். நெட் வந்துவிட்டது. ஆனால் சாஃப்ட்வேரில் மட்டும் சிவப்புப் புள்ளி. பிங் போகுது, எஸ்எஸ்எச் திறக்குது, இது ஏன் சிவப்பு? ரெண்டு நாள் ஃபயர்வாலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிங் போவது ஐசிஎம்பி. சாஃப்ட்வேர் கேட்பது எஸ்என்எம்பி, யுடிபி 161-ஆம் போர்ட்டில். ஒன்று வேலை செய்தால் இன்னொன்றும் செய்யணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

உண்மையான காரணம் வேறு. எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பில் பயனரின் சாவி, அந்தக் கருவியின் எஞ்சின் ஐடியோடு சேர்த்து உருவாக்கப்படுகிறது. பெட்டி மாறினால் எஞ்சின் ஐடியும் பெரும்பாலும் மாறிவிடும், பழைய சாவி செல்லாது. போதாததற்கு, பல ஸ்விட்சுகளில் அந்தப் பயனர் வரி கான்ஃபிக் பேக்கப்பிலேயே வராது. எஞ்சின் ஐடியையும் சேர்த்து காப்பி அடித்தால் இன்னொரு வம்பு: கருவி எத்தனை தடவை பூட் ஆனது, கடைசி பூட்டிலிருந்து எத்தனை நொடி ஓடியது என்று சாஃப்ட்வேர் நினைவில் வைத்திருக்கும். பூட் எண்ணிக்கை குறைந்தாலோ, நேரம் 150 நொடிக்கு மேல் பின்தங்கினாலோ, பழைய பாக்கெட்டை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்து ஒதுக்கிவிடும். நியாயமான பாதுகாப்புதான். ஆனால் திரையில் 'தொடர்பு இல்லை' என்று மட்டும் வந்தால் யாருக்கு என்ன புரியும்?

அண்ணா பயனரைப் புதுசாகப் போட்டார். சிவப்பு மஞ்சளாச்சு: 'கான்ஃபிக் பொருந்தவில்லை'. எனக்கோ அதைப் பச்சையாக்கிப் பார்க்க ஆசை. அழுத்தினேன்.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், பழைய ஐபி ரேஞ்சில் இருந்த 254 முகவரியும் தீர்ந்துபோனதால், அண்ணா அந்த மாடியைத் தனி வீலேனுக்கு மாற்றியிருந்தார். ஸ்விட்சில் நேரடியாக. சாஃப்ட்வேரின் டெம்ப்ளேட்டுக்கு அது தெரியாது. டெம்ப்ளேட் அப்லிங்க் போர்ட்டை மட்டும்தான் தொடும். அதில் அனுமதித்த வீலேன் பட்டியலோ பழசு. ரூம் போர்ட்டெல்லாம் புது வீலேனில் இருக்க, மேலே போகும் வழி அடைபட்டது. மேனேஜ்மென்ட் வீலேன் மட்டும் தப்பியது. அதனால் மாடி முழுக்க இருட்டு, திரையில் அழகான பச்சைப் புள்ளி. நான் திருப்தியாகச் சாப்பிடப் போனேன்!

காலையில் மெமோ வாங்கினது அண்ணா. நான் போய்ச் சொன்னேன், 'ஸ்டூடண்ட் தானே' என்று விட்டுவிட்டார்கள். மெமோ மட்டும் திரும்பி வரவில்லை.

என் கருத்து இதுதான்: மஞ்சள் புள்ளி 'ஸ்விட்ச் தப்பு' என்று சொல்லவில்லை, ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. யார் சொல்வது உண்மை என்பதை மனுஷன்தான் பார்க்கணும். சில நேரம் சாஃப்ட்வேர் பக்கம்தான் நியாயம் இருக்கும். ஸ்விட்சில் மாற்றம் செய்துவிட்டு ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் சேமிக்க மறந்தால், அடுத்த கரண்ட் கட்டில் ஸ்விட்ச் பழைய நிலைக்குப் போய்விடும். நேற்று எடுத்த பேக்கப் மட்டுமே சரியானதை வைத்திருக்கும். அதனால் 'எப்போதும் ஸ்விட்சை நம்பு' என்றும் சொல்ல முடியாது. ரெண்டு கான்ஃபிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசப்படும் வரி ஒவ்வொன்றையும் யார், எதுக்கு போட்டாங்கன்னு கேட்கணும். பத்து நிமிஷ வேலை.

நாம எஸ்என்எம்பி படிப்பது ரெண்டு மார்க் கேள்விக்கு. விரிவாக்கம் எழுதினால் மார்க் விழும். லேபில் ஸ்விட்சை வேண்டுமென்றே மாற்றிவிட்டு 'எது சரி, கண்டுபிடி' என்று ஒரு எக்ஸர்சைஸ் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வாலண்டியர் லாகினில் படிக்கும் அனுமதி மட்டும் போதும், எழுதும் அனுமதி எதற்கு? என் லாகினையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போ அந்த ரேக் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குது. தேதி, போர்ட், என்ன மாற்றினது, ஏன். முதல் பதிவு அண்ணா கையெழுத்தில் அந்த வீலேன் பற்றியது. ரெண்டாவது என்னுடையது.