சான்றிதழ் இல்லாத நோய்

"சுகர் எத்தனை வருசமா இருக்கும்மா?"

"பாத்ததுலேந்து ஏழு வருசம் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி யாரு பாத்தா?"

2021 மார்ச் மாதம் கொரோனா தடுப்பூசி போடும் இடத்தில், ஒரு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு என் பெரியம்மா சொன்ன பதில் இது. அப்போது அவருக்கு 52 வயது. கொருக்குப்பேட்டையில் ஒரு குடோனில் கூட்டிப் பெருக்கும் வேலை. சர்க்கரை, பிரஷர், பனிக்காலம் வந்தால் இழுப்பு. எல்லாவற்றுக்கும் மாத்திரை ஒரு மஞ்சள் பையில் கிடக்கும். சீட்டு கிடக்காது. வீட்டுக்குள் மழைத்தண்ணி வருகிற வருசமெல்லாம் சீட்டு நனைந்து போகும். மாத்திரைப் பையை மட்டும் பரண்மேல் ஏற்றிவைப்பார். "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேசையில் இருந்த அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் கையில் இருந்தது விதி. அந்த விதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. 'கொரோனா ஓய்ஞ்சு இத்தன நாளாச்சு, இப்ப எதுக்குத் தோழர் இந்தக் கதை?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓய்ந்தது அந்த அலை. சர்க்கரை ஓயவில்லை. விதி எழுதுகிற கையும் ஓயவில்லை.

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள், பிப்ரவரியில் துப்புரவுப் பணியாளர்கள் உள்ளிட்ட முன்களப் பணியாளர்கள். பெரியம்மாவும் துடைப்பம் பிடிப்பவர்தான். ஆனால் குடோன் துடைப்பம் முன்களத்தில் சேராது. மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், 45 முதல் 59 வரை உள்ளவர்களில் இணைநோய் உள்ளவர்களுக்கும் ஊசி என்றார்கள். நோயாளிக்கு முதலிடம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆனால் நோயாளி யார்? மத்திய அரசு 20 நோய்நிலைகளின் பட்டியல் ஒன்று போட்டது. அதில் ஒன்று இருப்பதாகப் பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும். சர்க்கரை மட்டும் இருந்தால் போதாது. பத்து வருசத்துக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதனால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும். கூடவே பிரஷருக்கும் மருந்து சாப்பிட வேண்டும். மூச்சுநோய் என்றால், முந்தைய இரண்டு வருசத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும், அல்லது ஊதும் திறன் பாதிக்கும் கீழே என்று மெஷினில் ஊதிக் காட்டியிருக்க வேண்டும். பக்கவாதம் என்றால் ஸ்கேன் வேண்டும். காசநோய் என்ற பெயரே அந்த 20இல் கிடையாது.

இது யாருடைய உடம்பை மனதில் வைத்து எழுதப்பட்ட பட்டியல்? குடும்ப டாக்டர் வைத்திருப்பவன், பைல் போட்டு ரிப்போர்ட் அடுக்கி வைத்திருப்பவன், வருசா வருசம் ரத்தம் சோதிப்பவன் - அவனுக்குத் தெரியும், தனக்குச் சர்க்கரை வந்த தேதி. நம் ஆட்களுக்குக் காலில் பட்ட புண் ஆறாதபோதுதான் சர்க்கரை 'வருகிறது'. கண் மங்கும்போதுதான் 'வருகிறது'. அதற்கு முன் அது எத்தனை வருசம் உடம்பைத் தின்றது என்பதற்கு எந்த ஆபீசிலும் ரிக்கார்டு இல்லை. குறைவாக வைத்தியம் பார்த்தவனுக்கு நோயும் குறைவு. இதுதான் அந்தப் பட்டியலின் கணக்கு.

சான்றிதழ் நமக்குப் புதிது அல்ல. சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நாள் கணக்காக நின்றவர்கள் நாம். ஊரே வாய்கூசாமல் சாதி சொல்லிக் கூப்பிடும். ஆபீசில் மட்டும் 'நீ அந்தச் சாதிதான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பார்கள். நோயிலும் அதே கதை. வேலைக்கு எடுக்கும்போது மேஸ்திரிக்கு அவள் நோயாளி என்று பார்த்தவுடன் தெரிகிறது, கூலியைக் குறைக்கிறான். ஊசி போடும் இடத்தில் மட்டும் தெரிவதில்லை.

இந்த உடம்புகள் தானாக நோயில் விழுந்தவை அல்ல. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசி இராயபுரத்துக் கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் படிந்தது. உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2011 அக்டோபரில்தான் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. நின்று எங்கே போனது? எண்ணூருக்கு. அண்ணன் மூக்கிலிருந்து தம்பி மூக்குக்கு. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை மூடிக்கொண்டிருந்தது. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. கொடுங்கையூரில் ஊர்க்குப்பை. 2023 டிசம்பர் 26 இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் சனங்கள் மூச்சுத் திணறி நடுராத்திரியில் ஓடினார்கள். மாநகரம் முழுவதும் விளக்கெரிய நாம் சாம்பலைச் சுவாசித்தோம். அந்தச் சுவாசத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

பெரியம்மா கதைக்கு வருகிறேன். ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், சான்றிதழ் இல்லாமலே ஊசி என்று அறிவித்தார்கள். "வா பெரிம்மா, போலாம்" என்றேன். "போன தபா ஒரு நாள் கூலி பூட்ச்சி நைனா. ஊசி போட்டா ரெண்டு நாள் சொரம் வருமாமே. மேஸ்திரி ஆள மாத்திட்டான்னா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று முடிவானது. அதற்குள் ஏப்ரல் 17 வந்தது. இரண்டு நாளுக்கு முன் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் மாரடைப்பில் இறந்துபோனார். நாள் முழுக்க டி.வி.யில் அதுதான். "நல்லா கீறவனுக்கே இப்டின்னா, சக்கர கீற நான் இன்னா ஆவறது?" என்றார் பெரியம்மா. அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. மே மூன்றாம் வாரம் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

அந்த நாட்களில் தமிழக அரசு தினமும் ஓர் அறிக்கை வெளியிடும். இறந்தவரின் வயது, ஆணா பெண்ணா, என்ன இணைநோய் என்று வரிசையாக இருக்கும். பெரியம்மா அதில் ஒரு வரியாக வந்திருப்பார்: 52 வயதுப் பெண், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம். உயிரோடு இருந்தபோது நிரூபிக்க முடியாத நோய், செத்தபிறகு ஒரே வரியில் நிரூபணமாகிவிட்டது. அதற்கு யாரும் லெட்டர் கேட்கவில்லை.

இப்போது நம்மைப் பற்றி. நானும் இயக்கத்துக்காரன்தான். பெரியம்மா பயந்து உட்கார்ந்திருந்த அந்த ஏப்ரலில் நாங்கள் டீக்கடையில் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? மருந்துக் கம்பெனிகளின் கொள்ளை லாபம் பற்றி. பேசியது பொய் அல்ல. தனியார் ஆஸ்பத்திரியில் மார்ச்சில் ஒரு ஊசி 250 ரூபாய். ஜூனில் கோவிஷீல்டு 780, கோவாக்சின் 1,410 என்று உச்சவிலை வைத்தார்கள். செங்கல்பட்டில் மக்கள் பணத்தில் கட்டிய தடுப்பூசி வளாகம் சும்மா கிடந்தது. இதையெல்லாம் பேச வேண்டும்தான். ஆனால் கம்பெனியைத் திட்டியதில் ஊசியையே திட்டியது போல் ஆகிவிட்டது. "அதெல்லாம் கார்ப்பரேட் சதி" என்று ஒரு தோழர் சொன்னதை எங்கள் தெருவில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சொன்ன தோழருக்கு 26 வயது, நோய் நொடி இல்லை. கேட்டவர்களுக்குச் சர்க்கரை இருந்தது.

மருந்து வேறு, மருந்தின் விலை வேறு. விலையை எதிர்ப்பது, மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அம்மை இந்த நாட்டை விட்டு 1975இல் ஒழிந்தது ஊசியால்தான். அதற்கு முன் அம்மை வாரிக்கொண்டு போனதில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் கிழவிகளுக்குத் தெரியும்.

பத்திரிகைகள் இதற்கு 'தடுப்பூசித் தயக்கம்' என்று பெயர் வைத்தன. வடசென்னைக்காரன் படிக்காதவன், மூடநம்பிக்கைக்காரன் என்று பொருள். 2020இல் இராயபுரம் மண்டலத்தில் தொற்று அதிகம் என்றதும் அதே வாய்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தது போதாது என்றன. பத்தடி அறையில் ஆறு பேர் இருக்கிற இடத்தில் தொற்று பரவாமல் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. பெரியம்மாவின் பயத்தில் என்ன மூடத்தனம் இருந்தது? அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். சர்க்கரைக்காரி போட்டுக்கொள்ளலாமா? சுரம் வந்தால் கூலி யார் தருவார்கள்? முதல் கேள்விக்கு இரண்டு நிமிசம் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் இல்லை. இரண்டாவது கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை.

முதல் கேள்விக்கான பதில் இதுதான். விவேக்கின் மரணத்தை ஆராய்ந்த மத்திய அரசின் நிபுணர் குழு, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் சொன்னது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்களைத்தான் கொரோனா அதிகம் கொன்றது. அதனால் ஊசி அவர்களுக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஊசி வேலை செய்வது குறையலாம். அதற்காக வேண்டாம் என்பதில்லை, கூடுதல் டோஸ் தேவைப்படலாம். ஆபத்தே கிடையாதா? கிடையாது என்று சொன்னால் பொய். கோவிஷீல்டு ரக ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்று அஸ்ட்ராஜெனெகா கம்பெனியே 2024இல் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த அரிய ஆபத்தையும், ஊசி இல்லாமல் கொரோனா வந்தால் வரும் பெரிய ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால் நம் சனங்களுக்கு விளங்காதா? ஆயுசு முழுக்க ஆபத்தை எடைபோட்டு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

அரசு என்ன செய்தது? விளக்குவதற்குப் பதிலாக அதட்டியது. 2021 நவம்பரில், பொது இடத்துக்கு வருபவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழகத்தில் உத்தரவு வந்தது. மார்ச்சில் காகிதம் இல்லாமல் ஊசி இல்லை என்றவர்கள், நவம்பரில் ஊசிக் காகிதம் இல்லாமல் நடமாட்டம் இல்லை என்றார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்சநீதிமன்றம் 2022 மே 2 அன்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2022 ஜனவரி 10 முதல் 60 வயதுக்கு மேற்பட்ட இணைநோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் போட்டார்கள். அதற்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை என்று மத்திய அரசே அறிவித்தது. 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது' என்ற வாய்ச்சொல்லை அப்போது நம்ப முடிந்ததென்றால் பத்து மாதத்துக்கு முன் ஏன் நம்பவில்லை?

சேரிக்கு வைத்தியம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பது இந்த ஊருக்குத் தெரியாத ரகசியம் அல்ல. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு அதே மருந்து, அவரவர் நெரிசலான வீட்டிலேயே. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் மாறியது அதன்பிறகுதான். நம் குடிசைகளில் நிரூபித்த உண்மை அது: மருந்து வாசலுக்கு வந்தால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும், செப்டம்பர் 12 முதல் நடந்த ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்களும் அந்த வழியில்தான் போயின, பலன் தந்தன. பெரியம்மாவுக்கு அவை நாலு மாதம் லேட்.

நம் இயக்கங்களிலும் ஒரு வீம்பு உண்டு. போராளிக்கு நோய் இருக்கக் கூடாது. இருந்தால் வெளியே சொல்லக் கூடாது. கூட்டத்தில் சுகர் மாத்திரையை மறைத்துப் போடுகிற தோழர்களை எனக்குத் தெரியும். பாபாசாகேப் அம்பேத்கரின் உடம்பிலும் சர்க்கரைதான் இருந்தது. கால் வலி, கண் மங்கல் எல்லாவற்றோடும்தான் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அடுத்த எட்டு வாரத்துக்குள் நம்மை விட்டுப் போனார். அவருக்கு இன்னும் பத்து வருசம் கிடைத்திருந்தால் என்று ஏங்குகிற நாம், தெருவில் இருக்கிற சர்க்கரைக்காரர்களின் பத்து வருசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

அரசிடம் கேட்க வேண்டியவை: அடுத்த தொற்று வரும்போது நோயை நிரூபிக்கும் பாரம் நோயாளி தலையில் ஏறக்கூடாது. ஊசி போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் தினக்கூலிக்காரருக்குக் கூலி வேண்டும். எண்ணூரிலிருந்து இராயபுரம் வரை ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நுரையீரல் சோதிக்கும் மெஷின் வேண்டும். காசநோயும் தூசியால் வந்த மூச்சுநோயும் பட்டியலில் ஏற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. அதனால்தான் செய்யாமல் விட்டோம். மாணவத் தோழர்களே, இரவுப் பாடசாலையில் ஒரு நோட்டு போடுங்கள். தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யார் காசநோய் மருந்து சாப்பிடுகிறார், எப்போதிலிருந்து என்று அவரவரிடம் கேட்டு, அவரவர் சம்மதத்தோடு எழுதுங்கள். எழுதியதை ஊர் பார்க்க விடாதீர்கள். ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்து, சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மாத்திரைப் பையோடு பரண்மேல் வைக்கச் சொல்லுங்கள். ஊசி வந்தால் கூடவே போங்கள். பெரியவர்கள் பயந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், சுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுங்கள்.

இதெல்லாம் சேவை, அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அப்படி நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போட்டேன்.