பிரிக்காத குப்பை யார் தலையில் விழுகிறது?

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, கடந்த ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. தினமும் 100 கிலோ குப்பை சேரும் இடம், 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு உள்ள இடம், 40,000 லிட்டர் தண்ணீர் செலவாகும் இடம் ஆகிய மூன்றில் ஒன்று பொருந்தினாலே அந்த நிறுவனம் பெருமளவில் கழிவு உருவாக்குவதாகக் கணக்கு. அது குப்பையை ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்க வேண்டும். ஈரக் கழிவை இயன்றவரை தன் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இந்த வரையறைக்குள் வரும் இடங்கள் ஏராளம். சிப்காட் ஆலைகளின் கேன்டீன்கள், தொழிலாளர் விடுதிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், நெடுஞ்சாலை ஓட்டல்கள், திருமண மண்டபங்கள் என்று பட்டியல் நீளும். சீசனில் மலையாகத் தோலும் கொட்டையும் தள்ளும் மாங்கூழ் ஆலைகளும் அதில் உண்டு.

இந்தக் கடமை புதியதல்ல. 100 கிலோ கணக்கும், பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் 2016 விதிகளிலேயே இருந்தன. பத்து ஆண்டுகளில் அது பழக்கமாகவில்லை. கலந்து போட்டாலும் காலையில் யாரோ வந்து அள்ளிச் செல்கிறார்கள் என்பதுதான் காரணம். அந்த 'யாரோ' பெரும்பாலும் நம் காலனியிலிருந்து போகிறவர்.

கேன்டீன் கழிவை உரமாக்குவது எளிதல்ல என்று நிர்வாகங்கள் சொல்வது உண்மைதான். சோறும் சாம்பாரும் நீர் மிகுந்தவை. எண்ணெயும் உப்பும் கலந்தவை. அப்படியே குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி நாறும், கழிவுநீர் வடியும், புழு வைக்கும். தென்னைநார்க் கழிவோ மரத்தூளோ காய்ந்த சருகோ சேர்த்து, ஈரப்பதத்தைப் பாதியளவில் வைத்து, அடிக்கடி புரட்டிவிட வேண்டும். குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் நோய்க்கிருமி சாகும். உரம் முதிர வாரக்கணக்கில் ஆகும். இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஆனால் சோற்றோடு பிளாஸ்டிக் கவரும், உடைந்த கண்ணாடியும், பயன்படுத்திய நாப்கினும் வந்தால் எந்த இயந்திரமும் உதவாது. யாராவது கைவிட்டுத்தான் பொறுக்க வேண்டும்.

உரம் தயாரிப்பது தொழில்நுட்பப் பிரச்சினை என்றால், கலந்த குப்பையைப் பிரிப்பது சாதிப் பிரச்சினை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-லேயே சுட்டிக்காட்டினார். கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை சுத்தம் செய்வோரை நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 'துப்புரவு' என்ற பெயர் 'தூய்மைப் பணி' என்று மாறியது; வேலை செய்யும் கை மாறவில்லை.

புதிய விதியில் இன்னொரு வழியும் உண்டு. வளாகத்துக்குள் உரமாக்க முடியாதவர்கள் அதற்குரிய சான்றிதழ் பெற்றுப் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஆலையின் கணக்கில் கழிவு தீர்ந்துவிடும். ஆனால் அது எங்கோ ஓரிடத்தில் இறங்கியாக வேண்டும். உரக்கூடத்துக்கு இடம் தேடும்போது அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது சுடுகாட்டு ஓரமும் காலனி ஓரமும்தான். சான்றிதழ் ஆலைக்கு, நாற்றம் நமக்கு என்று ஆகிவிடக் கூடாது.

அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம். பெங்களூருவில் 2025 மே தினத்தன்று 12,000-க்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு போராடிய சென்னைத் தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஓசூர் மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை தெளிவானவை. இந்த வரையறைக்குள் வரும் நிறுவனங்களின் பட்டியலை, யாருடைய கழிவு எங்கே போகிறது என்ற விவரத்தோடு வெளியிட வேண்டும். பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கும் உரிமையைப் பணியாளருக்கு எழுத்தில் தர வேண்டும். மறுத்ததற்காகக் கூலி பிடிக்கக் கூடாது. உரக்கூடத்தில் வேலை செய்பவருக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கையுறை, காலணி இல்லாத ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும். புதிய உரக்கூடம் எதையும் குடியிருப்பை ஒட்டி அமைக்கக் கூடாது. ஓசூர் ரோஜாத் தோட்டங்களுக்கும் காய்கறி வயல்களுக்கும் விற்கும் உரத்தின் வருமானத்தில் அதை உருவாக்கியவர்களுக்குப் பங்கு வேண்டும்.

சாப்பிட்ட தட்டில் மிஞ்சியதை ஒரு வாளியிலும், பிளாஸ்டிக்கை வேறொரு வாளியிலும் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்திக்கொண்டு, இன்னொருவரின் வாழ்நாளைக் குப்பைக்குள் தள்ளுவதை இனியும் வசதி என்று சொல்லக் கூடாது.