வாடகைக்கு வரும் அணி, சொந்தமாகும் கடன்

தருமபுரிக்கு ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியை வேறு ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரவேண்டும், அதற்காக அரசு முப்பது ஏக்கரும் ஒரு பெரிய அரங்கமும் கொடுக்கவேண்டும், கொடுத்தால் மாவட்டத்தின் வறுமை தீரும் என்று நண்பர் எழுதியிருக்கிறார். கட்டுரையை முதல்முறை ஆசையோடு படித்தேன். கால்பந்து எனக்கும் உயிர். இரண்டாம்முறை கூட்டிக் கழித்துப் படித்தபோது கோபம்தான் மிஞ்சியது. படிக்கிறவருக்குக் கணக்கும் தெரியாது, நினைவும் இருக்காது என்று நம்புகிறவரால் மட்டுமே இப்படி எழுத முடியும்.

அவருடைய முதல் சாட்சி கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்சி சென்னையை விட்டுக் கோவை நேரு அரங்கத்துக்குப் போனது, 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது, உண்மைதான். மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்திய அந்தக் கடைசி ஆட்டத்தை மறக்க முடியுமா? ஆனால் நண்பரின் நாட்காட்டி 2019 மார்ச் மாதத்தோடு ஏன் கிழிந்துபோகிறது? அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் அணி 26 சதவீதப் பங்கை வாங்கியதும், அப்படியிருந்தும் 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லாமல் போனதும் அவர் கண்ணில் படவில்லையா? நூற்பாலையும் பம்புசெட்டும் விமான நிலையமும் உள்ள கோவையால் ஒரு சாம்பியனைத் தக்கவைக்க முடியவில்லை. வானம் பொய்த்தால் பென்னாகரத்திலும் அரூரிலும் பாதி வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் கிளம்புகிற மாவட்டம் தக்கவைக்குமாம். கோவை பிழைத்ததற்குக் காரணம், அது அந்த அணிக்காகப் புதிய அரங்கம் எதையும் கட்டவில்லை, இருந்ததில் ஆடவிட்டது என்பதே. நண்பர் தன் வாதத்துக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

இரண்டாவது சாட்சி புவனேசுவரம். டெல்லி டைனமோஸ் 2019இல் அங்கே போய் ஒடிசா எஃப்சி ஆனது. அங்குள்ள கலிங்கா அரங்கமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. 2018, 2023 ஆகிய இரண்டு உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகளைத் தாங்கிய அரங்கம் அது. ஓர் அரசு பல விளையாட்டுகளுக்காக ஆண்டுக்கணக்கில் செய்த முதலீட்டின் நிழலில் வந்து ஒதுங்கிய அணியைக் காட்டி, அந்த அணிதான் முதலீட்டைக் கொண்டுவந்தது என்பது வண்டி இழுக்கிற மாட்டை வண்டி இழுப்பதாகச் சொல்வது. அந்த ஒடிசா அணியும், அது ஆடும் இந்தியன் சூப்பர் லீகின் (ஐஎஸ்எல்) எதிர்காலமே தெளிவில்லாமல் கிடந்த 2025 ஆகஸ்டில் தன் வீரர்களின் ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது.

ஐதராபாத்தை அவர் தொடவே இல்லை. 2019இல் புனே சிட்டியின் இடத்தைப் பிடித்துப் பிறந்த அணி, 2022இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. இரண்டே ஆண்டில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் பட்டியலின் அடியில் கிடந்தது. 2025இல் டெல்லிக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. 2019இல் ஓர் அணியைப் பறிகொடுத்த டெல்லிக்கு ஆறு வருடம் கழித்து இன்னோர் ஊர் பறிகொடுத்தது கிடைத்தது. இதில் ஐதராபாத் ரசிகனுக்குக் கிடைத்தது என்ன?

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துச் சேலத்தையே பார்க்கலாம். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட்டில் தூத்துக்குடி அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது, காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. தூத்துக்குடியிலோ காரைக்குடியிலோ அந்தப் பெயர்களில் ஒரு டிஎன்பிஎல் ஆட்டமாவது நடந்ததா? ஊர்ப்பெயர் சட்டையில் ஒட்டுகிற ஸ்டிக்கர். ஒட்டியவனே பிய்த்துக்கொள்வான்.

இனி அவர் பெருமையோடு அடுக்கும் வருமானத்துக்கு வருவோம். 2024-25 ஐஎஸ்எல்லில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 12 ஆட்டம் இருந்தது. ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர், தலைக்கு நூறு ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம், மொத்தம் 1.2 கோடி. அணிகள் உரிமைக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல் கட்டிவந்தன. மீதியை யார் போடுவது? அந்த நூறு ரூபாயும் வானத்திலிருந்து விழுவதில்லை. பாலக்கோட்டுக் குடும்பம் அதை சினிமாவிலோ பிரியாணிக் கடையிலோ செலவழித்திருந்தால் ஊருக்குள் நாலு கை மாறியிருக்கும். டிக்கெட்டுக்குக் கொடுத்தால் வெளியூர் ஆட்டக்காரர் சம்பளமாக ஊரைவிட்டே போய்விடும். ரோஜர் நோலும் ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட்டும் 1997இல் தொகுத்த நூல் அமெரிக்க அரங்கங்களைப் பற்றி இதைத்தான் விரிவாக நிறுவியது. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொருளாதாரம் படிக்கிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே குரலில் சொல்லிவரும் ஒன்றை, 'சிலர் மறுக்கலாம்' என்ற இரண்டு சொல்லில் தாண்டிப்போவது அறியாமையா, துணிச்சலா? ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் ஆட்டம் பார்க்கவும் தங்குவார்கள் என்கிறார். அருவிக்கு வருகிறவன் குளித்து, மீன் தின்று, பரிசல் ஏறிவிட்டு இருட்டுமுன் வண்டி எடுக்கிறான். அவனை ஓர் அணியா நிறுத்திவைக்கும்?

அமெரிக்காவைக் கண்டு வாயைப் பிளக்கும் நண்பர் செயின்ட் லூயிஸைப் படித்திருக்கவேண்டும். முட்டைப்பந்து (அமெரிக்கக் கால்பந்து) அணி ஒன்றை இழுக்க அந்த ஊர் பொதுப்பணத்தில் மூடிய அரங்கம் ஒன்றைக் கட்டியது, 1995இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ராம்ஸ் அணி வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி: லீகின் முதல்தர அரங்கங்களில் ஒன்றாக இது இருந்தாகவேண்டும், இல்லையேல் அணி விலகலாம். உலகம் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே இருந்தது, அரங்கம் தானாகப் பழசானது, 2016இல் அணி வந்த வழியே லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பியது. அரங்கத்தின் கடன் மட்டும் எங்கும் போகவில்லை. வழக்குப் போட்டு 2021இல் 79 கோடி டாலர் வாங்கியது அந்த ஊர். அங்கே வக்கீல் வைத்துப் போராட வலுவிருந்தது. சலுகைக்காக வந்தவன் பெரிய சலுகைக்காகப் போவான். 'போய்விடுவேன்' என்பதுதான் அவன் கையிலிருக்கும் ஒரே சரக்கு. அதை விலைக்கு வாங்கிவிட்டு அவன் நிலைப்பான் என்று நம்பச் சொல்கிறார் நண்பர்.

அப்படியானால் இந்த யோசனையால் லாபம் யாருக்கு? விடை அவர் கட்டுரையிலேயே இருக்கிறது. 'தனியார் பணம் கொட்டும்' என்று தொடங்கியவர், நாலு பத்தி தாண்டி நிலம், மின்சாரம், சாலை, பராமரிப்பு எல்லாம் அரசு தரவேண்டும் என்கிறார். கடைசியில் 'சுற்றுவட்டார மனைமதிப்பு உயரும்' என்று பூனையை வெளியே விடுகிறார். நான்குவழிச் சாலையோரம் மனை வைத்திருக்கிறவனுக்கு உயரும்தான். வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கும் உயரும், வாடகை. இதற்கு 'அதியமான் மண்' என்று ஒரு தலைப்பு வேறு. கையில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன் அதியமான். ஊரார் கனியைப் பறித்து ஒரு முதலாளி வாயில் ஊட்டச் சொல்லும் திட்டத்துக்கு அவன் பெயரை இழுக்க எப்படி மனம் வந்தது?

எங்கள் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அரசுப் பள்ளி மைதானங்களில், கல்லும் நெருஞ்சியும் கிடக்கிற மண்ணில், செருப்பில்லாத காலோடு ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளரும் புல்தரையும் சாயங்கால ஆட்டம் முடிந்து வீடு திரும்ப டவுன் பஸ்ஸும் வேண்டும் என்று அந்த நீண்ட கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நண்பர் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும். எழுதும்போது இரண்டை மட்டும் சொல்லட்டும்: அணி வெளியேறும் விதி ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கும், வெளியேறிய மறுநாள் அந்த அரங்கத்தின் வட்டியை யார் கட்டுவது?