தெற்கே நிலமில்லை

கல்லூரியில் நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டில் ஒருநாள் வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பர ஏடொன்றைக் கொணர்ந்து காட்டினான். தென்துருவக் கடலிற் கப்பலேறிச் சென்று, பனிமலைகளையும் பென்குவின் பறவைகளையும் திமிங்கிலங்களையும் கண்டுவரும் உல்லாசப் பயணத்தின் விளம்பரம் அது. கட்டணத்தைப் படித்தோம். ஆசிரியர் ஒருவரின் ஆயுட்காலச் சேமிப்பும் அதற்குப் போதாது.

“ஐயா, நம்மைப் போன்றவர்கள் இவற்றை எந்தப் பிறவியிற் காண்பது?” என்றான் அவன்.

தேசப்படத்தை விரித்து, நம் தீவின் தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையில் விரலை வைக்கச் சொன்னோம். “இங்கிருந்து நேர் தெற்கே விரலை நகர்த்து. எந்த நாடு எதிர்ப்படுகிறது?” அவன் விரல் நீல வர்ணத்தில் நெடுந்தூரம் சென்றது. நாடு ஏதும் இல்லை. தீவு ஏதும் இல்லை. ஏறத்தாழ 8,000 கிலோமீற்றருக்கு அப்பால் தென்துருவக் கண்டமே எதிர்ப்பட்டது. இடையிற் சுவரில்லாத ஒரே வீட்டின் இரண்டு அறைகள் போன்றவை அக்கடலும் நம் கடலும்.

அவ்வீட்டின் மூத்த குடியாகிய நீலத் திமிங்கிலம் நம் அறையிலும் வாழ்கிறது. உலகில் இதுவரை தோன்றிய உயிர்கள் யாவற்றினும் பெரியது அது. தென்துருவக் கடலில் வாழ்வது 30 மீற்றர் வரை வளரும். நம் கடலில் உள்ளது சற்றுச் சிறியது, ஏறத்தாழ 24 மீற்றர். பெரிய திமிங்கிலங்கள் பொதுவாகக் குளிர்கடலில் உண்டு, வெப்பக் கடலிற் குட்டி ஈனும் என்பது நூல்கள் கூறும் முறை. நம் கடலில் உள்ளவையோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. 2003ஆம் ஆண்டில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஷா டி வொஸ், இத்திமிங்கிலங்களின் செந்நிறக் கழிவு நீரில் மிதப்பதைக் கண்டு, அவை இங்கேயே இரை உண்கின்றன என்று உணர்ந்தார். ஆழத்திற் கூட்டங்கூட்டமாக வாழும் சிற்றிறால்களே அவற்றின் உணவு.

நவம்பர் முதல் ஏப்ரில் வரை தென்கடல் அமைதியாயிருக்கும். எனவே சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம் வீட்டாரும் அம்மாணவனுமாக மாத்தறைக்குப் புகைவண்டி ஏறினோம். மறுநாட் காலை மிரிஸ்ஸைத் துறையிலிருந்து படகு புறப்பட்டது. கரையோரத் தென்னைகள் மங்கி மறைந்தன. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓங்கில்கள் கூட்டமாகத் துள்ளி விளையாடின. பின்னர் நெடுநேரம் ஒன்றுமில்லை.

திடீரென்று தூரத்தில் வெண்புகை போன்ற ஒரு தூண் எழுந்தது. அது திமிங்கிலத்தின் மூச்சு. சாம்பல் கலந்த நீலநிற முதுகு நீரின்மேல் நீண்டுகொண்டே போயிற்று, முடியவில்லை. படகில் எவரும் பேசவில்லை.

அந்த மௌனத்தைக் குலைத்தவர் வேறு எவருமல்லர், நாமே. “இன்னும் சற்றுக் கிட்டப் போகலாமே, தம்பி” என்று படகோட்டியிடம் சொன்னோம். அவர் தயங்கினார், வேறு சிலரும் வற்புறுத்தவே படகைத் திருப்பினார். அதற்குள் மூன்று திசைகளிலிருந்து வேறு படகுகளும் விரைந்து வந்தன. இரண்டு மூன்று முறையே மூச்செடுத்த அவ்வுயிர், வாலை உயர்த்தி ஆழத்தில் மறைந்தது. அரைமணி நேரம் காத்திருந்தும் அதை மீண்டும் காணவில்லை.

“ஐயா, நாம் பார்க்க வந்தோமா, துரத்த வந்தோமா?” என்று மாணவன் மெல்லக் கேட்டான். விடை கூற நமக்கு நாவெழவில்லை. படகுகள் 100 மீற்றருக்கு அப்பாலேயே நிற்க வேண்டும் என்பது விதி. விதியை அறிந்தே நாம் அதை மறந்தோம்.

அவ்வேளை தெற்கே மலை நகர்வதுபோல் ஒரு சரக்குக் கப்பல் சென்றது. அதன் பின்னே மற்றொன்று. உலகின் நெருக்கடிமிக்க கப்பற்பாதைகளுள் ஒன்று அது. திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தை ஊடறுத்தே செல்கிறது. 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்த கொள்கலக் கப்பலொன்றின் முகப்பில், நீலத் திமிங்கிலமொன்றின் உடல் சிக்கியிருந்தது. அத்துறைமுகத்திலிருந்து எழும் கப்பற் சங்கொலி இரவுகளில் புதுக்கடையிலுள்ள நம் வீட்டு முற்றம்வரை கேட்கும். நம் அடுக்களைப் பருப்பும் சீனியும் கப்பலேறி வருவனவே. ஆதலால் அக்குற்றத்தை முழுவதும் பிறர்மேற் சுமத்தவும் நம்மால் இயலவில்லை.

வழி இல்லாமற் போகவில்லை. பாதையை 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து மிகக் குறையும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பெருங் கப்பல் நிறுவனமொன்று 2022ஆம் ஆண்டில் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. கடந்த நூற்றாண்டில் தென் அரைக்கோளக் கடல்களில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தது மனித இனம். இன்று அதனிடம் வேண்டப்படுவது சிறிது தூரம் விலகிச் செல்வது மட்டுமே.

கப்பலுக்குப் பொருந்துவது நமக்கும் பொருந்தும். மிரிஸ்ஸைக்கோ திருகோணமலைக்கோ செல்லும் அன்பர்கள், படகேறுமுன் படகோட்டியிடம் ஒரு சொல் கூறுவார்களாக: “தூரத்தில் நின்று பார்த்தாற் போதும், தம்பி.” நாம் சொல்லத் தவறிய சொல் அது. அடுத்த மாசியில் மீண்டும் போவதாக இருக்கிறோம். படகோட்டியிடம் அதைச் சொல்லும் பொறுப்பை மாணவன் இப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டான். நம்மை அவன் முற்றாக நம்பவில்லை போலும்.