இலவச டயரும் சம்பந்திச் சண்டையும்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "காதல், கண்ணீர்னு எழுதாம உருப்படியா ஏதாவது எழுதுப்பா" என்றார் நம் பேரவைச் செயலாளர். உருப்படி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது உருளுகிற பொருள்தான். ஆகவே டயர்!

கடத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கார் வைத்திருக்கும் அண்ணன்கள் நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "உங்க காரோட வந்த கம்பெனி டயர்ல கோளாறு இருக்குது, எல்லாத்தையும் சும்மாவே மாத்தித் தர்றோம்னு கம்பெனிக்காரன் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

முதல் அண்ணன்: "சும்மா குடுக்கறான்னா அதுல என்னமோ இருக்குது தம்பி."

இரண்டாமவர்: "ஸ்டெப்னியும் சேத்துத் தருவானா?"

மூன்றாமவர்: "போன மாசம்தான் கைக்காசு போட்டு நாலையும் மாத்தினேன். எனக்கு என்ன வழி?"

நாலாமவர் கொஞ்சம் கணக்குப் புலி. "நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, பட்டன் தேஞ்ச டயருக்குப் புது டயரா? நியாயமாப் பாத்தா ஓடினதுக்குக் காசு கழிச்சுக்கணும்."

விளையாட்டுக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் இதே வாக்குவாதம் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுக்க நடந்திருக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டியில் கம்பெனியே மாட்டிக் கொடுத்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் நெடுஞ்சாலையில் ஓடும்போதே மேல்பட்டை உரிந்து பிரிந்தன. வண்டிகள் உருண்டன. அந்த டயர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 271 உயிர்கள் போனதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குச் சொன்னது. 2000 ஆகஸ்ட் 9-இல் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

இதில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் 1906-லிருந்தே வியாபாரக் கூட்டாளிகள், நண்பர்கள். 1947-இல் ஃபோர்டின் பேரனுக்கும் ஃபயர்ஸ்டோனின் பேத்திக்கும் கல்யாணமே நடந்தது. அவர்களுடைய மகன்தான் டயர் பிரச்சினை வெடித்தபோது ஃபோர்டு கம்பெனியின் தலைவர்! (ஃபயர்ஸ்டோன் 1988-லேயே ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் கைக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.) ஆக, சம்பந்தி வீட்டுச் சண்டை. கார்க்காரர் "இது டயர் கோளாறு" என்றார். டயர்க்காரர் "உன் வண்டி உருளுகிற சுபாவம் உள்ளது" என்றார். 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் "இனி உனக்கு டயர் கிடையாது" என்று உறவை முறித்தது. மறுநாளே ஃபோர்டு, மேலும் 1 கோடியே 30 லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் தன் செலவில் மாற்றித் தருவதாக அறிவித்தது. சுமார் 300 கோடி டாலர் செலவு என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டெகாட்டூர் நகரில் இருந்த ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலை மூடப்பட்டது. சண்டை போட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் போட்டு உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள்.

சரி, டயர் ஏன் உரிந்தது? நம் பாடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ரேடியல் டயரில் பட்டனுக்குக் கீழே இரண்டு ஸ்டீல் பெல்ட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள ரப்பர்தான். டயரில் காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகிறதல்லவா, அதே கதைதான். சூடு ஏற ஏற, பெல்ட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கும். அது உள்ளுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து, ஒருநாள் மேல் பெல்ட் பட்டனோடு சேர்ந்து பிய்ந்து பறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அதற்கு முந்தின நாள்வரை டயர் நன்றாகவே இருக்கும்.

எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் 26 பவுண்டு. ஃபயர்ஸ்டோனோ 30 வைக்க வேண்டும் என்று பிறகு சொன்னது. இந்த நாலு பவுண்டுக்குத்தான் அவ்வளவு வக்கீல்கள்! ஃபயர்ஸ்டோன் நியமித்த நிபுணர், பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சஞ்சய் கோவிந்தஜி, 2001-இல் கொடுத்த அறிக்கையில் ஒரே குற்றவாளியைக் காட்டவில்லை. வெயில், குறைந்த காற்று, வண்டியின் பாரம், டயரின் வடிவமைப்பு, டெகாட்டூர் தொழிற்சாலையின் தயாரிப்பு முறை எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்றார்.

வெயில் என்றதும் நமக்கு உறைக்க வேண்டும். ஃபயர்ஸ்டோன் முதலில் டயர் மாற்றத் தொடங்கியது அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் ஆகிய வெயில் மாநிலங்களில்தான். மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும், அடுத்த ஆண்டு வரைகூட ஆகலாம் என்றார்கள். "எங்க ஊர்ல வெயிலே அடிக்காதா?" என்று மற்ற மாநிலத்துக்காரர்கள் கொதித்தார்கள். டயர் போதாமல் ஃபோர்டு தன் 3 தொழிற்சாலைகளில் உற்பத்தியைச் சில வாரம் நிறுத்தி, அந்த டயர்களைப் பழைய வண்டிகளுக்குக் கொடுத்தது. இன்னொன்று கேளுங்கள். வளைகுடா நாடுகளில் இதே டயர்களை ஃபோர்டு 1999-லேயே சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்திருக்கிறது. சொந்த நாட்டுக்காரனுக்கு விஷயம் தெரிந்தது அடுத்த வருஷம்! முதல் அண்ணன் "அதுல என்னமோ இருக்குது" என்றாரே, அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாமவருக்குப் பதில் சுருக்கம். ஸ்டெப்னியும் அதே கோளாறான ரகம் என்றால் அதையும் மாற்றத்தான் வேண்டும். மூன்றாமவருக்கும் அங்கே ஓரளவு வழி இருந்தது. காத்திருக்க முடியாமல் வேறு கம்பெனி டயர் போட்டுக்கொண்டவர்களுக்கு டயர் ஒன்றுக்கு 100 டாலர் வரை திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். பில் வேண்டும், அவ்வளவுதான். நம்ம ஊரில் பில் வாங்கும் பழக்கம் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. "பில் போட்டா வரி சேரும்ணா" என்றதும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

கணக்குப் புலி அண்ணனோடுதான் எனக்கு நிஜமான சண்டை. அவர் சொல்வது தேய்மானத்துக்குச் சரி. டயர் சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று புகார் போனால், மிச்சமிருக்கும் பட்டன் ஆழத்தை அளந்து, ஓடினதுக்குக் கழித்துக்கொண்டு புது டயர் கொடுப்பதுதான் இங்கே டயர் கம்பெனிகளின் வழக்கம். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் உயிரை வாங்கக்கூடிய கோளாறு என்று தெரிந்து திரும்பப் பெறுகிற டயருக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. பாதிக் காசு கேட்டால் என்ன ஆகும்? காசுள்ளவன் மாற்றுவான். இல்லாதவன், "இன்னும் பட்டன் இருக்குதே, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று அதே டயரில் தொப்பூர் கணவாய் இறங்குவான். எதிரே வருகிற பஸ்ஸில் நீங்களும் நானும் இருப்போம். ஓடின கிலோமீட்டருக்குப் பணம் கழிக்கும் கம்பெனி, அத்தனை கிலோமீட்டரும் அவன் பிள்ளைகுட்டியோடு ஆபத்தில் ஓடியதற்கு என்ன கூட்டிக் கொடுக்கும்?

"காத்து சரியா வைக்காதது ஓனர் தப்புதானே?" என்பார்கள். பாதி நியாயம். வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் காற்றுப் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவர் கடமைதான். ஆனால் எக்ஸ்ப்ளோரர்காரர் என்ன செய்தார்? கதவோரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த 26-ஐப் பார்த்துத்தானே காற்று அடித்தார்! காரோடு வரும் டயரை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ரகத்தையும் அழுத்தத்தையும் முடிவு செய்கிறவன் கார்க்காரன். ஆனால் வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்தால், "டயருக்கு நாங்கள் பொறுப்பல்ல, டயர் தயாரிப்பாளரை அணுகவும்" என்ற பொருளில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். டயர்க்காரரிடம் போனால் "அலைன்மென்ட் சரியில்லை, கார்க்காரரைப் பாருங்க". நம்ம ஊர் ஆள் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் பெட்ரோல் போட்டு அலைந்தே நாலு டயரையும் தேய்த்துவிடுவார்!

நம் நாட்டில் வெகுகாலம் இதற்குச் சட்டமே இல்லை. 2012-இல் கார் உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து ஒரு நடைமுறை வகுத்தது. விருப்பப்பட்டால் செய்யலாம் என்கிற கதை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். கோளாறு ஒரு பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் உள்ள எல்லா வண்டிகளையும் திரும்பப் பெறச் சொல்லலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஆனால் 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். ஏழு வருஷத்துக்கு மேல் ஆன வண்டி யாரிடம் இருக்கிறது, தோழர்களே? கடத்தூரிலும் பொம்மிடியிலும் அரூரிலும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கி ஓட்டுகிறவர்களிடம்தானே! டயருக்கு வயது வண்டியிலிருந்து எண்ணுவதா, டயரிலிருந்து எண்ணுவதா என்ற கேள்வி எழும். டயருக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் இந்தக் கலவரத்துக்குப் பிறகு 2000-இல் வந்த சட்டம், டயரை இலவசமாக மாற்றித் தரவேண்டிய காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. அது டயருக்கென்றே போட்ட கணக்கு.

இன்னொரு ஓட்டை நாமே போட்டது. கம்பெனி கடிதம் போட்டால் அது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். வண்டியை வாங்கி மூன்று வருஷம் ஆகியும் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாரு அலையறது" என்று விட்டுவிடுகிறோம். கடிதம் ஓசூரில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்கும். வண்டி கடத்தூரில் ஓடும். தனியாள் நஷ்டம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது பில்தான்.

கழற்றிய டயர் எங்கே போகும் என்று யாராவது யோசித்தோமா? அமெரிக்கச் சட்டம், திரும்பப் பெற்ற டயர் மறுபடி விற்பனைக்கு வராமல் இருக்கக் கம்பெனி திட்டம் காட்ட வேண்டும் என்கிறது. நம்ம பக்கம் பழைய டயருக்கு மவுசு அதிகம். மாட்டு வண்டிக்குப் போகும், பரவாயில்லை, மாடு எண்பதில் ஓடாது. மிச்சம் பழைய டயர் கடைக்கு வந்து, கறுப்புப் பூசி, பளபளவென்று இன்னொரு காரில் ஏறிவிடும். பெல்ட் உள்ளே விட்டிருப்பது பூச்சுக்குத் தெரியுமா? கழற்றிய இடத்திலேயே பக்கச் சுவரைக் கிழித்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு கத்தி போதும்.

இதையெல்லாம் மலரில் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தச் சண்டையில் நாம் பார்வையாளர்கள் இல்லை. இங்கே டிப்ளமோ முடிக்கிற நம்மில் பலர் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறோம். சிலர் ஷோரூம் சர்வீஸில், சிலர் டயர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்காரப்போகிறோம். ஒருவர் உரிந்த டயரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். அதைத் தடவிப் பார்த்து, படிவத்தில் "தயாரிப்புக் குறை" அல்லது "உபயோகிப்பாளர் தவறு" என்று எழுதப்போவது நம் பேனா. மேலே இருப்பவர், "மாசத்துக்கு இத்தனைக்கு மேல பாஸ் பண்ணாதப்பா" என்று சொல்லக்கூடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை மறுத்துப் பேசுவது லேசு இல்லைதான்.

ஃபயர்ஸ்டோன் விவகாரத்தில் முதலில் எச்சரித்தவர் விஞ்ஞானி இல்லை, மந்திரி இல்லை. ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோப்புகளைப் புரட்டும் ஊழியர் ஒருவர். ஒரே ரக டயர், ஒரே மாதிரி உரிதல் என்று 21 விபத்துகளைச் சேர்த்துவைத்து, 1998-லேயே அரசுத் துறைக்கு எழுதிப் போட்டார். அந்தக் கடிதத்தை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரணை தொடங்கியது 2000 மே மாதம். இடையில் போனவை இரண்டு கோடைகள்.