டிஸ்க் ரெண்டு, ஆள் ஒண்டு

"ரெண்டு டிஸ்க் போட்டுக் கிடக்கு. ஒண்டு போனாலும் மற்றது இருக்குத்தானே, பிறகென்ன?" வாசிகசாலை, பாடசாலை, சங்கம் என்று சின்னதாய் ஒரு சேர்வர் ஓடுகிற இடங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இதில் பாதிதான் சரி என்பது எங்கள் கருத்து.

ரெய்ட் 1 என்கிற மிரர் முறையில், எழுதுவதெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். 1988 இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையோடுதான் 'ரெய்ட்' என்ற பெயர் பரவியது. டிஸ்க் பழுதாகத்தான் போகும், அதற்காக வேலை நிற்கக்கூடாது என்பதே அதன் யோசனை. ஆக, மிரர் எங்களுக்குத் தருவது அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்துக்குள் பழுதானதை மாற்றுவது மனிசரின் வேலை. அங்கேதான் எல்லாம் பிழைக்குது.

முதலில், டிஸ்க் போனதே தெரியாது. ஒற்றை டிஸ்க்கிலும் சேர்வர் வழமைபோல ஓடும். லினக்ஸில் மிரரின் நிலையைக் காட்டும் கோப்பில், இரண்டு 'யூ' எழுத்து இருந்த இடத்தில் ஒரு 'யூ'வும் ஒரு கீழ்க்கோடும் நிற்கும், அவ்வளவுதான். பழுதென்றால் மின்னஞ்சல் அனுப்பவும் வசதி உண்டு. ஆனால் அந்த மின்னஞ்சல், எப்போதோ வெளிநாடு போய்விட்ட தம்பியின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்?

போனது முதலாவது டிஸ்க் என்றால் சிக்கல் கூட. மெஷினை எழுப்புகிற பூட் லோடர் அதில் மட்டுமே போடப்பட்டிருந்தால், தரவெல்லாம் மற்றதில் பத்திரமாய் இருந்தும் ரீஸ்டார்ட் பண்ணினால் மெஷின் எழும்பாது. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களும் நிரந்தரமில்லை. நேற்று இரண்டாவதாய் இருந்தது இண்டைக்கு முதலாவதாய் வரலாம். சீரியல் நம்பரைப் பார்க்காமல் பெயரை நம்பிக் கழற்றினால், கையில் வருவது நல்ல டிஸ்க்காய் இருக்கும். பகுதி அட்டவணையைப் பிரதி எடுக்கும்போது திசை மாறினால், வெறும் டிஸ்க்கின் வெறுமை நல்லதின் மேல் ஏறிவிடும்.

"கெட்டிக்காரர் செய்தால் பிழைக்காது" என்பீர்கள். கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, துணைச் சேர்வரில் அழிப்பதாக நினைத்த ஒரு பொறியியலாளர் பிரதான சேர்வரில் தரவை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 தான் மிஞ்சியது. வழமையான பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு முதல் தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. களைப்பில் எவருக்கும் நடக்கக்கூடியது இது. அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறோம்.

எங்கள் வாதம் இதுதான்: டிஸ்க்கை ரெண்டாக்கின நாங்கள் ஆளை ரெண்டாக்கவில்லை. எது எங்கே இருக்கு, பாஸ்வேர்ட் என்ன, எந்த டிஸ்க்கை எப்படி மாற்றுவது, எல்லாம் ஒருவரின் தலைக்குள். சம்பளமில்லாமல் செய்கிற அவரில் பிழை சொல்ல ஏலாது. அவரை மட்டும் நம்பி ஆறுதலாய் இருக்கிற எங்கள் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

செலவில்லாத வேலைகள் இவை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் சீரியல் நம்பரை வெளியே தெரியுமாறு ஒட்டுங்கோ. மாற்றும் முறையைப் படிப்படியாக எழுதி, இன்னொருவரைக் கொண்டு வாசித்துச் செய்விச்சுப் பாருங்கோ. பூட் லோடரை இரண்டு டிஸ்க்கிலும் போடுங்கோ. புது டிஸ்க்கைச் சேர்க்கும்போது மிஞ்சியிருக்கும் டிஸ்க் முழுவதும் வாசிக்கப்படும். அதுவும் அதே வயசுக் கிழடுதான். ஆகவே முதலில் பேக்கப், பிறகுதான் மற்றது.

அந்தப் பேக்கப் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். மிரரில் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். தீ பிடித்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதோடு முடிந்தன. அதை ஒவ்வொரு வருசமும் நினைவுகூருகிற நாங்கள், சங்கத்து அறிக்கைகளையும் பழைய படங்களையும் ஒரே பெட்டிக்குள் வைத்துவிட்டு, ரெண்டு டிஸ்க் கிடக்குத்தானே என்று இருக்கலாமோ?